தொட்டிக்குள்ள ஒரே ஒரு போட்டோ

முடியாதுன்னா முடியாதுங்க முசியே. எத்தன தடவ சொல்றது? லீவுக்கு ரூம் பேச வந்தவரு, எம் மக கோரலிகிட்ட கேட்டீங்க, அவ முடியாதுன்னு சொல்லிட்டா. இப்ப அவ உங்களுக்குக் குடுக்கற ரூமப் பாத்துட்டு வரேன்னு மாடிக்குப் போனதும், எங்கிட்ட வந்து நைசா கேக்கறீங்க. அம்மாக்காரி எளகிடுவான்னு பாத்தீங்களாக்கும். முற்றத்துல மரத்தொட்டி வெச்சு, திராட்சையக் கொட்டி, புள்ளைங்கள மிதிக்க விடறேன்னு அவ சொல்றா இல்ல, அதோட நிறுத்திக்குங்க. ஒயின் பொங்கற பெரிய தொட்டிக்குள்ள யாரையும் எறக்கறதில்ல. ஒரே ஒரு நிமிஷமும் கெடையாது, ஒரே ஒரு போட்டோவும் கெடையாது.

உக்காருங்க. நின்னுக்கிட்டே பேசினா எனக்குக் கோவம் இன்னும் ஏறும். இந்தாங்க, குடிங்க. எங்க ஒயின்தான், போன வருஷத்துது. எம் மக செஞ்சது. நல்லா இருக்கா? பின்ன என்ன, மொகத்தச் சுளிக்காம சொல்லுங்க. நான் இந்தக் கீரைய ஆஞ்சுக்கிட்டே பேசறேன். திராட்சக் கொடிக்கு நடுவுல தானா மொளைக்கறது. பன்னிக் கொழுப்ப உருக்கி ஊத்தி, மேல ஒரு முட்டைய ஒடச்சு விட்டா எங்களுக்கு ராத்திரிச் சாப்பாடு ஆச்சு.

அந்தப் போன உள்ள வைங்க. வேணாம், மூஞ்சிக்கு நேரா நீட்டாதீங்க. எனக்குத் தெரியும். எங்க வீட்டப் பத்தி இன்டர்நெட்ல போட்டிருக்கற பக்கத்துல மொதல்ல வர்ற படம் அதுதான். தொட்டிக்குள்ள நின்னுக்கிட்டு ஒருத்தர் சிரிக்கறாரு. எல்லாரும் அதப் பாத்துட்டுத்தான் வராங்க. யாரு அதுன்னு கேக்கறீங்களா? இங்க வேல செஞ்சவரு. விடுங்க.

அதுவும் வரணும்னா எப்ப வரணும்? ஆகஸ்ட் கடைசி வாரம். வருஷத்துல வேற வாரமே இல்லியா உங்களுக்கு? ஜூலைல வாங்களேன். ஆத்துல தண்ணி இருக்கும், பீச் பழம் இருக்கும், என் கையில நேரமும் இருக்கும். எங்க மாமனார் காலத்துல செப்டம்பர் கடைசிலதான் கொல பறிக்கக் கத்தரியக் கையில எடுப்பாங்க. அப்பல்லாம் லீவுக்கு வந்த ஜனம் மூட்டையக் கட்டிக்கிட்டு ஊர் போய்ச் சேர்ந்த பொறகுதான் எங்க தொட்டி பொங்கும். அவங்க வேற, நாங்க வேற. இப்ப அடிக்கற வெயில்ல ஆகஸ்ட் பாதியிலயே பழம் பழுத்துத் தொங்குது. ஒங்க லீவும் எங்க அறுப்பும் ஒரே கூரைக்குக் கீழ வந்து மாட்டிக்கிச்சு. அதுதான் வெனையே.

என்ன வெனையா? கேளுங்க. விடியறதுக்கு முன்னாடி டிராக்டர் எடுத்தா, ஜன்னலத் தொறந்து, கொஞ்சம் லேட்டா எடுக்கக் கூடாதான்னு கேக்கறாங்க. வெயில் ஏறினப்பறம் பறிச்சா பழம் வர்ற வழியிலயே வெந்துடும், இது என்ன உங்க ஆபீஸா? ஒரு அம்மா, கோயில் மணிய நிறுத்தச் சொல்லி மேயர் வீட்டுக்கே போனாங்க. இன்னொருத்தர் குளவிய. ஆமா, குளவிய நிறுத்தச் சொன்னாரு! திராட்சத் தோட்டத்துக்கு நடுவுல உக்காந்துக்கிட்டு ஜாம் பாட்டில தொறந்து வெச்சா குளவி வராம கிளியா வரும்? இத்தனையும் பண்ணிட்டுப் போய் எங்களுக்கு நட்சத்திரம் போடறாங்க. மூணு நட்சத்திரம், நாலு நட்சத்திரம். பள்ளிக்கூடத்துல கூட எனக்கு யாரும் இப்படி மார்க் போட்டதில்ல.

இதெல்லாம் எங்க வீட்டுக்காரர் ஆரம்பிச்சது. ரெஜிஸ். ஒயின் வெல சரிஞ்சு கெடந்தப்ப, பழம் பறிக்க வர்றவங்க படுக்கற கொட்டாயப் பூசி மெழுகி ரூமா ஆக்குவோம்னாரு. அதுக்கு ஒரு வகுப்பு கூட நடத்தினாங்க, போய் உக்காந்தாரு. விருந்தாளிகிட்ட இல்லன்னு சொல்லாதீங்கன்னு அங்க சொல்லிக் குடுத்தாங்களாம். அவருக்குப் போய் அதச் சொல்லிக் குடுக்கணுமா? பொறந்ததுலேருந்து அந்த மனுஷனுக்கு இல்லன்னு சொல்ல வாய் வந்ததே இல்ல. மச்சினன் வண்டியக் கேட்டா சரி. பக்கத்து வீட்டுக்காரன் வரப்பத் தள்ளிப் போட்டா சரி. எங்கிட்ட மட்டும் வாயாடுவாரு. அவர் இருந்திருந்தா இந்நேரம் உங்க புள்ளைங்களத் தோள்ல தூக்கிக்கிட்டுப் போய் ஏணியில ஏத்தி விட்டிருப்பாரு. நீங்களும் சந்தோஷமா எடுத்துட்டுப் போயிருப்பீங்க உங்க போட்டோவ.

கோயிலுக்குப் பின்னாடி இருக்காரு. வரும்போது கல்லறைத் தோட்டத்துல சைப்ரஸ் மரமெல்லாம் பாத்திருப்பீங்களே, அங்க.

வருத்தப்பட வேணாம், பழகிப் போச்சு. பழகலன்னா மட்டும் என்ன பண்ணப் போறேன்.

அதுவா? கதவு பக்கத்துல ஆணியில தொங்கறது மெழுகுவத்திதான். அலங்காரம் இல்லீங்க, தொடாதீங்க. மாமனார் மாட்டினது. பழம் பொங்கறப்ப அதுலேருந்து ஒரு காத்து கெளம்பும். கண்ணுக்குத் தெரியாது. ஒயின் வாசனதான் மூக்குல நிக்குமே தவிர, அது இருக்கறதே தெரியாது. நம்ம மூச்சுக் காத்த விடக் கனம். தொட்டிக்குள்ள தண்ணி மாதிரி தேங்கி நிக்கும். ஒயின அடியில தொறந்து விட்டப்பறம் பழச் சக்க தங்கும் பாருங்க, அதுலேருந்தும் அந்தக் காத்து வந்துக்கிட்டே இருக்கும். சக்கைய வாரிப் பிழியறதுக்கு ஆளு உள்ள எறங்கியாகணும். எறங்கறதுக்கு முன்னாடி மெழுகுவத்தியக் கொளுத்திக் கயித்துல கட்டி உள்ள விடுவோம். எரிஞ்சா எறங்கலாம். அணைஞ்சா, வெளிய உக்காந்துக்கிட்டு, அந்தக் கெட்ட காத்து போறதுக்குக் காத்தாடியப் போடு. இந்த ஊர்ல பேரெழுதத் தெரியாத புள்ளைக்குக் கூட இது தெரியும்.

அவரும் செஞ்சாரு! செய்யாமலா? கொளுத்தி விட்டாரு, அணைஞ்சுது. பெரிய காத்தாடியப் போட்டாரு. அது ஓடினா வீடே அதிரும், இந்தத் தட்டெல்லாம் கிடுகிடுங்கும். மறுபடி விட்டாரு, எரிஞ்சுது. எறங்கினாரு. எல்லாம் சரியாத்தான் செஞ்சாரு என் புருஷன்.

அந்த வாரம் தங்கியிருந்தவரு நல்ல மனுஷன்தான், அதச் சொல்லணும். காலையில ரொட்டி வாங்கப் போனா எங்களுக்கும் சேத்து வாங்கிட்டு வருவாரு. ஏணி மேல நின்னுக்கிட்டுப் போன்ல படம் புடிச்சுக்கிட்டு இருந்தாரு. மொதல்ல போட்டோ. அப்பறம் வீடியோ எடுக்கறப்ப, காத்தாடி இரைச்சல்ல நீங்க பேசறது ஒண்ணும் கேக்க மாட்டேங்குது, ஒரே ஒரு நிமிஷம் நிறுத்தலாமான்னு கேட்டிருக்காரு. விருந்தாளி கேக்கறாரே. இவரு, சரிங்க, அந்தச் சொவத்துல இருக்கற சுவிட்சுதான், அமுக்குங்கன்னு சொல்லியிருக்காரு.

நான் இதே அடுப்புகிட்டதான் நின்னேன். தட்டு கிடுகிடுத்துக்கிட்டு இருந்தது நின்னு போச்சு. கரன்ட் போச்சுன்னு நெனச்சேன். அண்ணாந்து பாத்தா வெளக்கு எரியுது.

அவ்வளவுதான். இப்ப எப்படி வேல செய்யறாங்கன்னு காட்டுங்கன்னாரு போல. சக்கைய வாரறதுக்குக் குனிஞ்சவரு நிமிரல. ஏணி மேல இருந்தவரு விளையாட்டுன்னு நெனச்சு சிரிச்சுக்கிட்டே எடுத்துக்கிட்டு இருந்திருக்காரு. தப்பு சொல்ல முடியாது, பட்டணத்து ஆளு, அவருக்கு என்ன தெரியும். சொல்ல முடியாதுன்னு ஊரே சொல்லுது, பாதிரியாரும் சொன்னாரு. நான் சொல்றேன். ராத்திரி படுத்தா அந்த ஆளத் திட்டறேன், வகுப்பு எடுத்த பொண்ணத் திட்டறேன், வெயிலத் திட்டறேன். எல்லாரையும் விட அதிகமா இவரைத்தான் திட்டறேன். ஏய்யா, பரம்பரையா இதுல உழல்ற மனுஷனுக்கு, முடியாதுன்னு ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த வாயில வரலியா உனக்கு? காத்தாடிய நிறுத்த முடியாது முசியேன்னு சொன்னா என்ன கொறைஞ்சிருக்கும்? ஒரு நட்சத்திரம் கொறைஞ்சிருக்கும்!

வேணாம், தண்ணி வேணாம். கீரையில உப்புக் கரிக்கப் போகுது, வேறொண்ணும் இல்ல.

இப்ப தொட்டிங்களுக்கெல்லாம் கீழயே கதவு வெச்சுட்டா கோரலி. சக்க தானா வெளிய வந்து விழும். யாரும் எறங்க வேண்டியதில்ல. லியோன் பட்டணத்துல நல்ல வேலையில இருந்தா, விட்டுட்டு வந்துட்டா. கெட்டிக்காரி. அப்பனோட சிரிப்பு அப்படியே அவளுக்கு. ஆனா முடியாதுன்னு சொல்லத் தெரியும், அது என் ரத்தம்.

எங்க, அந்தப் போன எடுங்க. எடுங்க தம்பி, நான் ஒண்ணும் பண்ணல. கையத் தள்ளிப் புடிங்க, கிட்டப் புடிச்சா எனக்குத் தெரியாது.

ம். கட்டம் போட்ட நீலச் சட்ட. திங்கக்கெழம சந்தையில நான் வாங்கினது. தொட்டி வேலைக்குப் போய் யாராவது புதுச் சட்ட போடுவாங்களா, கறை போவாதேய்யான்னு காலையில கத்தினேன். இல்லடி, போட்டோ எடுக்கப் போறாரு, பாக்க நல்லா இருக்கட்டும்னாரு. மத்தியானம் ஆம்புலன்ஸ்காரங்க அதக் கத்தரியால கிழிச்சு எடுத்தாங்க. அதுக்கு முன்னாடியும் அவர் அதப் போட்டதில்ல, அதுக்கு அப்பறமும் போட்டதில்ல தம்பி.

இது அன்னிக்கு எடுத்த படம்னு கோரலிக்குத் தெரியாது. அந்த ஆளோட சம்சாரம், அந்த வாரத்துல எடுத்த படமெல்லாம் மொத்தமா அவளுக்கு அனுப்பி வெச்சாங்க. அதுல இதுவும் இருந்திருக்கு. சட்ட புதுசுன்னு அவளுக்கு எப்படித் தெரியும், அவ அன்னிக்கு இங்க இல்லியே. அம்மா, அப்பா இப்படிச் சிரிச்ச படம் நம்மகிட்ட ஒண்ணு கூட இல்லம்மான்னா. மொதல் படமா போட்டுட்டா. எடுத்துடுன்னு நான் எந்த வாயால சொல்லுவேன், சொல்லுங்க.

ஷ்ஷ், படியில சத்தம் கேக்குது. வரா. கண்ணத் தொடைங்க தம்பி, என்ன நீங்க, ஆம்பளப் புள்ள. ஒயினக் குடிங்க.

வாடி. இல்லியே, நான் எங்க கத்தினேன்? சும்மா பேசிக்கிட்டு இருந்தோம். இவங்க ஆகஸ்ட் வேணாமாம், ஜூலைல வராங்களாம், புள்ளைங்களுக்கு ஆத்துல குளிக்கணுமாம். ஆமாடி, ஜூலைல ஏது பழம், முற்றத்துத் தொட்டியும் வேணாம்னு விட்டுட்டாங்க. கையில போனா? நம்ம படந்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு. ரொம்பப் புடிச்சிருக்காம். அப்பா நல்லாச் சிரிக்கறாராம்.