மக்குப் பையன் பாஸ் ஆன கதை

இல்ல மேடம், மொதல்ல டீயக் குடிங்க, ஆறிடும். கையெழுத்து எங்க ஓடிப் போகுது?

தெரியும், கம்பெனிக்காரங்க வெளிய கேக்கோட நிக்கிறாங்க. சோதனை பண்ண அதிகாரின்னு நான் போட்டாச்சு. மேலதிகாரி நீங்களும் போட்டுட்டா ஜனங்க இந்த ப்ளேன்ல ஏறிடுவாங்க. அதான்.

ஐயோ, உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல. வேர்க்குது, அவ்வளவுதான்.

பழைய சாஃப்ட்வேர்னா ஏன் இப்படிப் பண்ணேன்னு கேட்டா, கோட்ல இந்த வரியாலன்னு காட்டிடும். இது ஏஐ. லட்சக்கணக்குல ஓடுபாதைப் படத்தப் பாத்துப் பழகினது. மூக்குல இருக்கற கேமரா வழியாப் பாத்து, ப்ளேன தானே இறக்குது. ஏன்னு கேட்டா வாயத் திறக்காது. அதனாலதான் நானே விதி எழுதினேன். கேமராக் கண்ணாடில தூசி, பூச்சி, என்ன ஒட்டினாலும் சரி, சோதனை முடியற வரைக்கும் ஒருத்தரும் தொடக் கூடாதுன்னு. நடுவானத்துல போய் யாரு துடைப்பா, சொல்லுங்க?

மொத வாரம் பாதைய விட்டுட்டுப் பக்கத்துப் புல்லுல இறங்கப் பாத்துச்சு. பைலட் பிடிச்சுத் தூக்கினாரு. ஒரு தடவை இல்ல, பல தடவை. மெக்கானிக்குங்க மக்குப் பையன்னே பேரு வச்சுட்டாங்க. நான் பின்சீட்டுல. எல்லா சாமியையும் கும்பிட்டுக்கிட்டிருந்தேன்.

ரெண்டாவது வாரம் பூ மாதிரி இறங்குச்சு. அனுபவத்துல கத்துக்கிச்சு பாருன்னு எல்லாரும் கை தட்டினாங்க. நானும் சேந்து தட்டினேன்.

நீங்களும் அதையேதான் சொல்றீங்க. எங்கேர்ந்து கத்துக்கும்? சோதனைக்கு வந்த அன்னிக்கே அதோட படிப்ப நிறுத்திப் பூட்டியாச்சே மேடம். மொத வாரம் இருந்த அதே மண்டதான் ரெண்டாவது வாரமும்.

வெயிலா? இல்ல இல்ல, ரெண்டு வாரமும் ஒரே வானம்தான். பைலட்டும் அதே ஆள்தான்.

எங்க மாமா பாத்து அனுப்பினதுன்னா கண்ண மூடிட்டு ஏறலாம்னு என் மருமக ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறா. நேத்துக்கூட என் எதிர்லயே சொன்னா. தட்ட அப்படியே வச்சுட்டு எழுந்துட்டேன்.

பேனாவ மூடிட்டீங்களா? நல்லது. திரும்ப மொதல்லேர்ந்து பண்ணச் சொல்லுங்க. வேற ஆள வச்சு.

பெருசா ஒண்ணுமில்ல மேடம். ரெண்டாவது வாரம் பூரா, மத்தவங்க வர்றதுக்கு முன்னாடியே போயி, கேமராக் கண்ணாடிய நான்தான் துடைச்சுக்கிட்டிருந்தேன். உள்ள உக்காரப் போறது நானில்லையா.