ஸ்வெட்டர் கையெழுத்து

— இதுலயுமா கையெழுத்து மேடம்? ஸ்வெட்டர் வாங்குனதுக்குப் போன வாரமே போட்டுக் குடுத்தேனே.

— இது ஸ்வெட்டர் இல்ல சூசைம்மா, மீட்டிங் நோட்டு. நீங்க பெட்ஷீட் மடிக்கிறத நிறுத்த வேணாம். நான் பக்கத்தத் திருப்பிக் காட்டுறேன், பென்சில்ல டிக் போட்டிருக்கிற எடத்துல போட்டுக்கிட்டே வாங்க. அவ்ளோதான், சிம்பிள்.

— எத்தன எடம்?

— இருபத்தி நாலு. மூணு மாசத்துக்கு ஒண்ணுன்னு ஆறு வருஷத்துக்கு.

— ஆறு வருசக் கையெழுத்த இன்னைக்கு ஒரே நாள்லயா. மை ஒண்ணுபோல இருக்குமே, பாக்குறவுக கேக்க மாட்டாகளா?

— அதுக்குத்தான் நாலு பேனா கொண்டாந்திருக்கேன்.

— வேலைக்கு வந்து நாலு மாசங்கூட ஆகல, அதுக்குள்ள நல்லாத் தேறிட்டீக.

— குத்திக்காட்டாதீங்கம்மா. எச்.ஆர்.னு சேர் போட்டு உக்கார வச்சிருக்காங்க, மேனேஜர் ராபின் சார் சொல்றதச் செய்யிறேன். மேடம்னும் கூப்பிடாதீங்க. எங்கம்மா வயசு உங்களுக்கு. லாவண்யான்னே கூப்பிடுங்க.

— சரி பாப்பா. ஆனா வெரசா சொல்லு, சோலி தலைக்கு மேல கெடக்கு. மூணு நாளா வெயில் எட்டிப் பாக்கல, பதினாலாம் ரூம் போர்வை இன்னும் சதசதன்னு இருக்கு. கிறிஸ்மஸ் கூட்டம் நாளான்னைக்கு வந்து எறங்கிரும். இந்த நோட்டுக்கு என்ன இம்புட்டு அவசரம்?

— நாளைக்கு வெள்ளனே திண்டுக்கல்லருந்து சமூக நலத்துறை ஆளுங்க இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றாங்க. அன்னக்கொடி எழுதுன மனுவ அவ அம்மா கலெக்டர் ஆபீஸ்ல குடுத்திருக்காங்க.

— எந்த அன்னக்கொடி? நம்ம ரிசப்ஷன்ல இருந்த வில்பட்டிப் பிள்ளையா?

— ஆமா.

— மாதாவே. இந்தா, இந்த முனையக் கொஞ்சம் பிடி பாப்பா.

— குடுங்க. அவள உங்களுக்கு நல்லாத் தெரியுமா? நான் சேர்றதுக்கு முந்தியே போயிட்டா, நான் பாத்ததுகூட இல்ல.

— எப்படிப்பட்ட பிள்ளைங்கிற. பி.காம். படிச்சவ. வெள்ளக்காரன் வந்து நின்னாலும் இங்கிலீசுல படபடன்னு பேசுவா. போன மாசம் வில்பட்டி பஸ்ஸுல அவ ஆத்தாளப் பாத்தேன். பக்கத்துல உக்காந்திருந்த பொம்பள சொல்லுச்சு, பிள்ள வீட்ட விட்டே எறங்குறதில்லையாம். கேரட் கழுவுற கூலி வேலைக்குக்கூடப் போக மாட்டேங்குறாளாம். வாசல்ல ஆம்பளச் செருப்புச் சத்தம் கேட்டாப் போதுமாம், உள்ள போயிக் கதவப் பூட்டிக்கிறாளாம்.

— அவங்க அம்மாகிட்ட நீங்க பேசலையா?

— பேசத்தான் போனேன். என்னையப் பாத்ததும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. நான் என்ன பாவம் செஞ்சேன்னு அன்னைக்குப் பூரா மனசு கெடந்து அடிச்சுக்கிச்சு. சரி, அவளுக்கும் இந்த நோட்டுக்கும் என்ன?

— இது புகார் கமிட்டி நோட்டு. இங்க வேலை பாக்குற லேடீஸுக்கு யாராவது தொந்தரவு குடுத்தா விசாரிக்கிறதுக்குன்னு ஒரு கமிட்டி. ரிசப்ஷன்ல கண்ணாடி பிரேம் போட்டு மாட்டியிருக்கே.

— அந்தப் பலகையா? அதத் தொடைக்கிறதே நாந்தான. வாரத்துக்கு ரெண்டு தடவ, மருந்தடிச்சு, பளபளன்னு. மாட்டுன அன்னைக்கும் நாந்தான் ஏணியப் பிடிச்சேன். சொல்றேன் கேளு. டெல்லியில அந்தப் பிள்ளைய பஸ்ஸுக்குள்ள வச்சுச் சீரழிச்சானுகளே, அதுக்குப் பெறகு சட்டம் வந்துச்சாம். சட்டம் வந்து ஆறு வருசம் இங்கன ஒருத்தரும் கண்டுக்கல. பலகை இல்லாத ஓட்டலுக்கு அபராதம்னு ஒரு பேச்சு வந்துச்சு பாரு, ஒரே வாரத்துல பலகை வந்துருச்சு. மொதலாளி கோயமுத்தூர்லருந்து வந்தாரு. பொம்பளைகள எல்லாம் வரிசையா நிப்பாட்டி போட்டோ எடுத்தாக, லட்டு குடுத்தாக. அங்கனயே அந்த வருசத்து ஸ்வெட்டரையும் குடுத்து நாலஞ்சு தாள்ல கையெழுத்து வாங்குனாக.

— என்ன தாள்னு கேட்டீங்களா?

— ஸ்வெட்டர் வாங்குனதுக்குத்தான், வேற என்னத்துக்கு? இங்கிலீசுல இருந்துச்சு. வருசாவருசம் அப்படித்தான. அத விடு. இந்த நோட்டுல என்ன எழுதியிருக்கு?

— எல்லாப் பக்கத்துலயும் இங்கிலீஷ்ல ஒரே வரிதான். 'கமிட்டி கூடியது. புகார் எதுவும் வரவில்லை.'

— புகார் வரலையா? அப்ப அன்னக்கொடி அழுதது?

— சூசைம்மா, என் நெலமையும் பாருங்க. நாலு மணிக்குள்ள இத வாங்கிட்டு வரலேன்னா நீ சொந்த ஊரு வத்தலக்குண்டுக்கே பஸ் ஏறிரலாம்னு ராபின் சார் சொல்லிட்டாரு. உங்ககிட்டயும் ஒண்ணு சொல்லச் சொன்னாரு. மார்ச்சுல உங்களுக்கு ரிட்டயர்மென்ட். இதுல போட்டுட்டீங்கன்னா குவார்ட்டர்ஸக் காலி பண்ண வேணாமாம். உங்க வீட்டுக்காரர் உபகாரம் ஐயா இருக்கிறவரைக்கும் அங்கயே இருந்துக்கலாமாம்.

— அப்படியா சொன்னாரு?

— என் முன்னாலதான் சொன்னாரு.

— எங்க வீட்டு மனுசனுக்கு மூச்சிழுப்பு வந்தா விடிய விடிய உக்காந்தே இருப்பாரு. அவரக் கூட்டிக்கிட்டு எந்த வீட்டத் தேடி அலையிறதுன்னு நெனச்சு நெனச்சுத்தான் எனக்கு ஒறக்கமே இல்லாமக் கெடந்துச்சு. குடு பேனாவ.

— இந்தாங்க. இங்க.

— இரு பாப்பா. இதுல நான் எதுக்குப் போடணும்? அந்தக் கமிட்டிக்காரவுகல்ல போடணும்.

— சூசைம்மா, நீங்க நெஜமாவே… ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லம்மா. பேனா எழுதுதான்னு பாத்தேன்.

— பேனா எழுதும். மனசுதான் எழுத மாட்டேங்குது. ஏன்னா அந்தப் பிள்ள மொதல்ல என்கிட்டத்தான் வந்தா. இதுவரைக்கும் யாருகிட்டயும் நான் சொன்னதில்ல, உன்கிட்டச் சொல்றேன் கேளு. ஆகஸ்ட்டுல, சலேத் மாதா கோயில் தேருக்கு மொத நாளு. இதே ரூம்தான். உள்ள வந்து கதவச் சாத்திட்டு, இந்தா இந்தப் போர்வைக் கட்டு மேலதான் உக்காந்தா. எடுத்ததும் என்ன கேட்டா தெரியுமா? 'சூசைம்மா, உங்க முழுப் பேரு என்ன?'ன்னா. வீட்டுக்காரர் எழுத்தோட சேத்து யு. சூசையம்மாள்னேன். எதுக்குத்தா கேக்குறேன்னேன். அதுக்குப் பதில் சொல்லல. பெறகு எல்லாத்தையும் சொன்னா. ஸ்டோர் இன்சார்ஜ் ஜெயமுருகன் சாமான் எடுத்துக் குடுக்க வான்னு கூப்பிட்டுக் கதவப் பூட்டுனத, ஒண்ணுவிடாம.

— நீங்க என்ன சொன்னீங்க?

— கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். ரெண்டு பேரும் அழுதோம். அப்புறம் கண்ணத் தொடைச்சுவிட்டுச் சொன்னேன், 'ஆத்தா, நான் துணி மடிக்கிறவ. என்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? வெளிய பலகை இருக்குல்ல, அதுல பேரு போட்டிருக்கிறவுகளப் போயிப் பாரு. அவுகதான் இதுக்குன்னு இருக்கிறவுக.'

— அதுக்கு அவ?

— என்னையவே பாத்துக்கிட்டிருந்தா. ரொம்ப நேரம். அப்புறம் 'சரி சூசைம்மா'ன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. தேர் முடிஞ்சு வந்து பாத்தா, வேலைய விட்டு நின்னுட்டாங்கிறாக. நான் காட்டுன வழி சரிதான பாப்பா?

— …சரிதாம்மா.

— பிள்ள அங்க போயி நின்னுருக்கும். அந்தப் பலகைக்காரி எவளோ, அவ நெஞ்சு கல்லு. அவளும் பிள்ள பெத்தவளாத்தான இருப்பா?

— அப்படிச் சொல்லாதீங்க. அவங்களுக்கு விவரம் தெரியாம இருந்திருக்கலாம்.

— என்ன விவரம்? கமிட்டியில இருக்கோம்னுகூடவா ஒருத்திக்குத் தெரியாமப் போகும்? அந்த மனு உன்கிட்ட இருக்கா? அதுல என்ன எழுதியிருக்கு, படி.

— வேணாமே.

— படி பாப்பா.

— 'கமிட்டி உறுப்பினர் ஒருவரிடம் நேரில் சென்று நடந்ததைச் சொன்னேன். தன்னிடம் சொல்லிப் பயனில்லை என்று அவர் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார். அதன்பிறகு யாரிடமும் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.'

— பாத்தியா. நான் சொன்னேன்ல, போயிருக்கா. அந்தப் பாதகத்தி திருப்பி அனுப்பியிருக்கா. இந்தா உன் பேனா, நான் போட மாட்டேன். போட்டா அவளும் நானும் ஒண்ணாயிருவோம்.

— சரிம்மா. நோட்டக் குடுங்க, நான் போறேன். கையெழுத்தே வேணாம். ராபின் சார்கிட்ட நான் பேசிக்கிறேன்.

— நீ எதுக்கு அழுகுற?

— அழுகல. பனி.

— ரூமுக்குள்ள என்ன பனி. உக்காரு. நாளைக்கு வர்றவுக முன்னால நானே போயி நிக்கப்போறேன். பிள்ள என்கிட்ட வந்து சொன்னா, நாந்தான் பலகைக்கு அனுப்புனேன்னு சொல்லுவேன். குவார்ட்டர்ஸ் போனாப் போகட்டும். பெரும்பாறையில என் தம்பி வீடு இருக்கு, அங்க இம்புட்டுக் குளிரும் இல்ல, அந்த மனுசன் நல்லபடியா மூச்சு விடுவாரு. ஆனா ஒண்ணு. தனியா நிக்க மாட்டேன். திருப்பி அனுப்புனவளையும் கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்துதான் நிப்பேன். அந்தப் பலகையில யாரு யாரு பேரு இருக்கு, சொல்லு.

— அது எதுக்கும்மா இப்ப?

— தமிழ்ல இருந்திருந்தா நானே படிச்சிருப்பேன். கோயில்ல ஞாயித்துக்கெழம வாசகமே நாந்தான் வாசிக்கிறேன். இங்கிலீசுல எழுதி மாட்டியிருந்தா நான் என்ன செய்ய? தொடைக்கத்தான் முடியும். சொல்லு.

— மொதப் பேரு மொதலாளி வீட்டம்மா. அவங்க கோயமுத்தூர்ல இருக்காங்க.

— அவுகளப் பிள்ள எங்க போயிப் பாக்க. அடுத்தது?

— எனக்கு முன்னால எச்.ஆரா இருந்த மேடம். ரெண்டு வருஷம் முந்தியே போயிட்டாங்க, பேர மாத்தல.

— பலகையில மூணு வரிதான். அப்ப இங்கன இருக்கிறது மூணாவது ஆளு மட்டுந்தான். அவதான். யாரு அவ?

— மிஸஸ் யு. சூசையம்மாள். ஹவுஸ்கீப்பிங்.

— அது…

— வேற சூசையம்மாள் இங்க இல்லம்மா.

— நான் எப்ப…

— பலகை மாட்டுன அன்னைக்குத் தேதி போட்டு, சம்மதக் கடிதத்துல உங்க கையெழுத்து இருக்கு. மூணு வருஷம் கழிச்சு ஒண்ணு இருக்கு. போன வாரம் ஒண்ணு, அத நாந்தான் வாங்குனேன். மத்த பேப்பரோட சேத்து வாங்கிருன்னு ராபின் சார் குடுத்தாரு. நீங்க தெரிஞ்சுதான் போடுறீங்கன்னு நெனச்சேன். சத்தியமா.

— ஸ்வெட்டரோட.

— ஆமாம்மா. உக்காருங்க, மொகமெல்லாம் வேர்க்குது. இந்தக் கட்டு மேல உக்காருங்க.

— அது மேல வேணாம். அவ உக்காந்த எடம்.

— உங்க மேல தப்பில்ல சூசைம்மா. உங்களுக்குத் தெரியாது.

— எனக்குத்தான் தெரியாது பாப்பா. அவ என் பேரக் கேட்டு, சரிபாத்துட்டுத்தான அழுதா.