வாயில் பழத்தோடு

— கழுகு இல்லண்ணே. கழுகுக்கு மூக்கு மேல இன்னொரு மூக்கு இருக்குமா?

— எனக்கென்னம்மா தெரியும்? இத்தனை வருஷமா இந்தக் காட்டுல மர லாரி ஓட்டுறேன், ஒருநாள் நிமிர்ந்து பார்த்ததில்ல. பறவைக் கணக்கெடுக்கிறவ நீ. செத்ததைத் தூக்கிப் போட மனசு வரல, துண்டுல சுத்தி உன் ஆபீசுக்கே கொண்டாந்துட்டேன்.

— மேசையில வை. மெதுவா... இருவாச்சிண்ணே இது. மஞ்சள் அலகு, அதுக்கு மேல தொப்பி வச்ச மாதிரி மேடு. றெக்கையில வெள்ளைப் பட்டை. வெள்ளை வாலுக்குக் குறுக்கே கறுப்பு. பறந்தா சத்தம் கேட்டிருக்குமே?

— கேக்காம? தலைக்கு மேல புஸ்ஸு புஸ்ஸுன்னு! டயர்ல காத்து இறங்குதுன்னு வண்டிய ஓரங்கட்டிட்டேன்.

— றெக்கைச் சத்தம் அது. கண்ணைப் பாரு, சிவப்பு. பொட்டைக்கு வெள்ளையா இருக்கும். இது ஆண்.

— என்னவோ போ. எதுவா இருந்தா என்ன, பாவம் எனக்குத்தான்.

— எப்படி அடிபட்டுச்சு?

— ஆரன் அடிச்சேன், போகல. லோடு மேல உட்காரும், எழும்பும், திரும்ப கண்ணாடி முன்னால பாயும். வளைவுல... சத்தியமா பிரேக் போட்டேம்மா. இறங்கித் தூக்கினா, வாயில அத்திப்பழம்.

— பழமா?

— ஆமா, முழுசா. ஏன் உன் மொகம் இப்படி மாறுது?

— இது அடைகாக்கிற காலம்ணே. பொட்டை மரப்பொந்துக்குள்ள போய் வாசலைப் பூசி அடைச்சுக்கும். அலகு நுழையற அளவுக்குத்தான் சந்து. இறகு உதிர்ந்துடும், பறக்க முடியாது. ஆண்தான் பழம் கொண்டாந்து ஊட்டணும்.

— ஐயோ! எழுந்திரும்மா, அந்த மரத்தைத் தேடுவோம். ஏணி வண்டியிலயே இருக்கு. நாம ஊட்டுவோம்.

— அண்ணே... அது ஏன் உன் லோடை விட்டுப் போகல? நீ ஏத்தின கட்டையில பொந்து எதுவும் இருந்துச்சா?

— ஒண்ணுல... மண்ணு அப்பி அடைச்சிருந்துச்சு. மரத்துக்கும் சொத்தைப் பல்லு அடைச்சிருக்காங்கடான்னு லோடுமேன் சிரிச்சான்.

— எங்க அந்தக் கட்டை? மில்லுக்குப் போன் போடு! போடுண்ணே!

— இறக்கின உடனே ரம்பத்துல ஏத்திட்டாங்கம்மா.

— வழியில கட்டைக்குள்ள ஏதாவது சத்தம் கேட்டுச்சாண்ணே?

— ஓரங்கட்டி நின்னப்ப கட்டைக்குள்ள டொக்கு டொக்குன்னு தட்டுச்சு. லோடு ஆடுதுன்னு நெனச்சு, சங்கிலிய நான்தாம்மா இன்னும் இறுக்கிக் கட்டினேன்.