லின்சிக்கு ஏற்ற ஓட்டல்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தில்லை நகரில் கார் நிறுத்த இடம் கிடைப்பது பெரும்பாடு. ஓட்டலைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் சாப்பாட்டைப் பார்ப்பார்கள், நான் முதலில் வாசலைப் பார்ப்பேன். ஒரு கும்பலாக வந்து இறங்கினால் எங்கே நிற்பது, கை கழுவும் இடம் எங்கே, தட்டு வர எவ்வளவு நேரமாகும், இதையெல்லாம் யாராவது யோசிக்க வேண்டாமா? எங்கள் பாடற்குழுவில் அந்த யாராவது எப்போதும் நான்தான்.

உட்கார்ந்துதான் பேசுகிறேன் மேடம். கால் மட்டும் ஒரு நிலையில் நிற்காது, அதைக் கண்டுகொள்ளாதீர்கள். ஈஸ்டருக்கு முந்தின இந்தத் தவக்காலம் தொடங்கியதிலிருந்தே அப்படித்தான் இருக்கிறது.

என் பெயர் லூர்துராணி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். குழுவில் எல்லோருக்கும் ராணியக்கா. ஒவ்வொரு தவக்காலத்திலும் மேலப்புதூர் பக்கம் ஒரு பள்ளி அரங்கத்தில் நாங்கள் கச்சேரி நடத்துவோம். சிலுவையடியில் மாதா அழுகிற பாட்டு ஒன்று இருக்கிறது. தனிக்குரல். அதைக் கேட்கத்தான் பாதிக் கூட்டம் வரும். இத்தனை வருடமாக அதைப் பாடியது நான். இந்த வருடம் குழுவை நடத்துகிற தைரியராஜ் அதை லின்சிக்குக் கொடுத்துவிட்டார்.

"நீங்க இந்த வருஷம் முன்வரிசையில உக்காந்து நிம்மதியா கேளுங்கக்கா. சாப்பாட்டு ஏற்பாட்டை மட்டும் பாத்துக்கங்க. அதை உங்கள மாதிரி யாரு செய்வா?" என்றார்.

நல்ல மனுஷர். என் குரல் மேலே போகும்போது கிழிகிறது என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அதோடு முடிந்திருக்கும்.

லின்சியைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். மண்ணச்சநல்லூர்ப் பெண். பிரவீன்ராஜைக் கல்யாணம் செய்துகொண்டு எங்கள் மாதா கோயில் பங்குக்கு வந்தவள். வாய் நிறையச் சோற்றோடு சிரிப்பாள். ஒத்திகையில் அந்தப் பாட்டின் உச்சியை அவள் தொட்டபோது ஹாலில் ஒருவர்கூட அசையவில்லை. குழுவில் கூடப் பாடுகிற ஜாஸ்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாடி முடித்த அடுத்த நொடி, "பஜ்ஜி இன்னும் மிச்சம் இருக்கா?" என்று கேட்டாள் லின்சி. எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்தப் பாட்டுக்காக நான் எத்தனை வருடம் ஐஸ் தண்ணீர் தொடாமல் இருந்திருக்கிறேன். அவளுக்குப் பஜ்ஜியும் வந்தது, பாட்டும் வந்தது.

முந்திரி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். போன கிறிஸ்துமஸுக்கு யாரோ வீட்டில் செய்த கேக் கொண்டுவந்தார்கள். லின்சி ஒரு வாய்தான் கடித்தாள். அரை மணி நேரத்தில் உதடு வீங்கி, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. அவளை ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது நான்தான், வேண்டுமானால் பிரவீன்ராஜைக் கேட்டுப் பாருங்கள். "அடுத்த தடவை இதைவிட மோசமா வரும். முந்திரி இவங்க கண்ணுலயே படக்கூடாது" என்றார் டாக்டர். கைப்பையில் எப்போதும் வைத்திருக்கச் சொல்லி ஓர் ஊசி கொடுத்தார். அதைத் தொடையில் எப்படிக் குத்துவது என்று பிரவீனுக்கும் எனக்கும் காட்டினார்.

அன்றிலிருந்து எங்கே சாப்பிடப் போனாலும் சமையலறைக்குப் போய்க் கேட்பது என் வேலை. திரும்பி வந்ததும் லின்சி என் முகத்தைப் பார்ப்பாள். நான் தலையாட்டினால் சாப்பிடுவாள். "லின்சிக்கு மாதா மேல இருக்கிற நம்பிக்கையைவிட ராணியக்கா தலை மேல இருக்கிற நம்பிக்கை ஜாஸ்தி" என்று ஜாஸ்லின் கேலி செய்வாள்.

கச்சேரிக்கு முன்னால் சாப்பிட வேண்டும் என்பதும் லின்சிக்காகத்தான். வெறும் வயிற்றில் பாடினால் அவளுக்குத் தலை சுற்றும். நான் நேர்மாறு. பாடுகிற அன்று மதியத்துக்குப் பிறகு வெந்நீர் தவிர எதுவும் என் வாயில் போகாது. அவரவர் உடம்பு.

தவக்காலம் முழுக்கக் குழுவே சைவம். அதனால் பிரியாணிக் கடைகளைப் பற்றிய பேச்சே இல்லை. லின்சி ஸ்ரீரங்கம் போகலாம் என்றாள்.

"அங்க போயி இட்லி சாப்பிட்டுட்டு வந்துரலாம்க்கா. இட்லின்னா எனக்குப் பயமே இல்ல. அதுல யாரு முந்திரி போடப்போறா?"

"காவிரிப் பாலத்துல மாட்டிக்கிட்டா கச்சேரிக்கு யாரு வர்றது? அதுவும் விசேஷ நாள்ல இட்லியா? டவுன்லயே நல்ல இடமா பாக்கறேன்" என்றேன்.

தைரியராஜும் என் பக்கம் பேசினார். "சைவம்தானம்மா, எங்க போனாலும் என்ன ஆகப்போகுது?"

எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். கறிக்கடை என்றால் பத்துக் கேள்வி கேட்பார்கள். சைவம் என்றால் வாயை மூடிக்கொண்டு சாப்பிடுவார்கள். வீட்டில் தேங்காய் அரைத்தே குருமா வைத்துப் பழகியவர்களுக்கு, பெரிய ஓட்டலின் வெள்ளைக் குருமா எதனால் அப்படி வழவழவென்று இருக்கிறது என்று தெரியாது. எனக்குத் தெரிந்தது. அந்த வாரம் நான் சும்மா இருக்கவில்லையே.

வீட்டில் உட்கார முடியவில்லை மேடம். உட்கார்ந்தால் பாட்டு தானாக வாயில் வரும், மேலே போகிற இடத்தில் கிழியும். எழுந்துவிடுவேன். பள்ளி விட்டதும் மலைக்கோட்டைக் கடைவீதியில் எதுவும் வாங்காமல் கூட்டத்தோடு கூட்டமாக நடப்பேன். பிறகு ஏதாவது ஒரு சைவ ஓட்டலுக்குள் நுழைந்து குருமா வாங்கி ருசி பார்ப்பேன். ஏற்பாடு என்று ஒன்றை ஏற்றுக்கொண்டால் ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

கடைவீதிக்குப் பக்கத்திலேயே ஓர் ஓட்டல். குருமாவை எதை வைத்துக் கெட்டியாக்குகிறீர்கள் என்று கேட்டேன். "முந்திரி எல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாதுங்கம்மா. தேங்காயும் பொட்டுக்கடலையும்தான்" என்றார் பரிமாறியவர். ருசியும் நன்றாகவே இருந்தது. அந்த ஓட்டல் வேண்டாம் என்று முடிவு செய்தேன். இடம் நெருக்கடி.

தில்லை நகர் ஓட்டலில் ஏசி இருந்தது, பின்பக்கம் கார் நிறுத்த இடமும் இருந்தது. அங்கேயும் அதையே கேட்டேன். "குருமா, பன்னீர் எல்லாத்துக்கும் முந்திரி விழுதுதாங்கம்மா. நாங்க தாராளமாவே போடுவோம்" என்றார் பெருமையாக. வெள்ளிக்கிழமைக்கு அங்கேயே மேசை சொல்லிவிட்டு வந்தேன். அன்று ராத்திரி அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை எல்லோரும் நேரத்துக்கு வந்துவிட்டார்கள். ரொட்டியும் குருமாவும் சொன்னோம். வழக்கம்போல நான் உள்ளே போய்க் கேட்டேன். ஆமாம், இரண்டு தடவை கேட்ட அம்மா என்று அந்த ஓட்டல்காரர் உங்கள் ஸ்டேஷனில் வந்து சொன்னது என்னைத்தான். முதல் தடவை சொன்னதையேதான் மறுபடியும் சொன்னார். மேசைக்குத் திரும்பினேன். லின்சி என் முகத்தைப் பார்த்தாள்.

தலையாட்டினேன்.

"சூப்பரா இருக்குக்கா. இத்தனை நாள் இந்த இடத்தை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்று இரண்டாவது தடவையும் வாங்கிக்கொண்டாள். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மேடை ஏறுகிறவர்கள் பையை என்னிடம் கொடுத்து வைப்பது எங்கள் வழக்கம். அன்று ஓட்டல் வாசலிலேயே வாங்கிக்கொண்டேன். "இங்கயே குடும்மா. அங்க போயி அவசரத்துல தேட வேண்டாம்" என்றேன். அவளுடைய பை என் காரின் பின்சீட்டில் இருந்தது. காரைப் பள்ளி வளாகத்துக்குள் விடவில்லை. உள்ளே நெரிசலாக இருக்கும் என்று அடுத்த தெருவில் விட்டுவிட்டு நடந்து வந்தேன்.

மேடைக்குப் பின்னால் புடவையைச் சரிசெய்துகொண்டிருந்தவள் கழுத்தைச் சொறிய ஆரம்பித்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள்.

"அக்கா... என் பை."

"வண்டியில இருக்கும்மா. இதோ எடுத்துட்டு வரேன்."

போனேன். மெதுவாகப் போனேன் என்று யாரும் சொல்ல முடியாது, எனக்கு முழங்கால் வலி உண்டு. பையோடு திரும்பி வந்தபோது பிரவீன்ராஜ் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான்.

அரங்கம் நிரம்பி வழிந்தது. கச்சேரியை நிறுத்துவதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் குழப்பம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், பார்த்துக்கொள்வார்கள் என்று யாரோ சொன்னார்கள். தைரியராஜ் என்னிடம் வந்தார். வேர்த்து விறுவிறுத்துப் போயிருந்தார். "அக்கா, மாதா பாட்டு... உங்களால முடியுமா?"

பாடினேன். எந்த இடத்திலும் கிழியவில்லை. முன்வரிசையில் அழாதவர் இல்லை. கீழே இறங்கியபோது பிரவீன்ராஜிடமிருந்து போன் வந்திருந்தது. லின்சி போய்விட்டாள்.

நானும் அழுதேன் மேடம். நடிக்கவில்லை. அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒரே ஒரு சாயங்காலம் அவள் தொண்டை அடைத்துக்கொள்ளட்டும், அந்தப் பாட்டே இல்லாமல் கச்சேரி முடியட்டும் என்றுதான் நினைத்தேன். அவளுக்குப் பதிலாக நான் பாட வேண்டும் என்ற எண்ணம் சத்தியமாக எனக்கு வரவே இல்லை. தைரியராஜ் கேட்டபோது எனக்கே தூக்கிவாரிப்போட்டது.

இப்போது எதற்கு அந்தப் போட்டோவை என் பக்கம் நகர்த்துகிறீர்கள்? எனக்குத் தெரியும், ஜாஸ்லின் சாப்பாட்டு மேசையில் எடுத்தது. நடுவில் லின்சி சிரிக்கிறாள். எல்லோர் தட்டிலும் ரொட்டி, குருமா. ஓரத்தில் நான். எனக்கு முன்னால் கவிழ்த்து வைத்த தட்டு, ஒரு டம்ளர் வெந்நீர்.

"நீங்க மட்டும் ஏன் சாப்பிடலை?" என்று கேட்கிறீர்கள்.

இதை எத்தனையோ பேர் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார்கள். பதில் யோசிக்காமலே வந்துவிடுகிறது.

"பாடுற அன்னைக்கு நான் சாப்பிடறதில்லைங்க."