நாற்பத்திரண்டாம் டோக்கன்

உங்கள் ஸ்டேஷன் நாற்காலி முதுகுக்கு இதமாக இருக்கிறது, ஐயா. எங்கள் ஆபீசில் இப்படி ஒன்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன்.

பதினெட்டு வருடமாகக் குடிநீர் அலுவலகத்தில் புகார் கவுண்டர் என்னுடையது. தண்ணீர் வராதவன் எப்படிப் பேசுவான் என்று உங்களுக்குத் தெரியும். இருபது பேர் ஒரே ஜன்னலுக்குள் தலையை விட்டுக் கத்துவார்கள். எனக்குக் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். கழிப்பறையில் ஒளிந்துகொண்டு அழுதிருக்கிறேன். பிறகு டோக்கன் இயந்திரம் வந்தது. சீட்டைக் கிழித்துக்கொண்டு உட்கார வேண்டும், எண்ணை நான் கூப்பிட வேண்டும். அன்றோடு நடுக்கம் நின்றது. எதிரே யார் அழுதாலும் பக்கத்து வீட்டு டிவி மாதிரிதான் கேட்டது.

பழைய இயந்திரத்தைக் கழித்துக் கட்டியபோது, முறையாக எழுதி வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

"பொண்டாட்டி பேசுறதுக்குமா டோக்கன்?" என்று சிரித்தாள் மனைவி. "சரி, உங்க கை நடுங்காம இருந்தா போதும்."

தங்கமான மனுஷி. ஒரே மாதத்தில் சுருக்கமாகப் பேசப் பழகிக்கொண்டாள்.

போன ஞாயிறு காலை அவள் தம்பி வந்தான். ஏதோ பேச வேண்டுமென்று நாற்பத்தொன்றைக் கிழித்தவன், சிகரெட் வாங்கக் கடைக்குப் போய்விட்டான். பொறுப்பில்லாத பயல். அடுத்ததாக மனைவி சமையலறையிலிருந்து வந்து நாற்பத்திரண்டைக் கிழித்தாள். முகமெல்லாம் வேர்வை.

"என்னங்க, நெஞ்சை என்னமோ பண்ணுது. ஆஸ்பத்திரிக்குப் போலாமா?"

"நாப்பத்தொண்ணு இன்னும் முடியலையேம்மா. கொஞ்சம் உக்காரு."

உட்கார்ந்தாள். நாற்பத்தொன்றை மூன்று முறை கூப்பிட்டேன். வராதவருக்கு இருபது நிமிடம் அவகாசம். ஆபீஸ் விதி அது, நான் போட்டதில்லை. ஃபேனை வேகமாக வைத்தேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் முனகியபோது என் கை பழையபடி நடுங்கப் பார்த்தது. உடனே மனத்தளவில் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டேன். யாரோ ஒரு ஆளும் யாரோ ஒரு பெண்ணும் ஒரு கூடத்தில் காத்திருந்தார்கள். நடுக்கம் அடங்கியது.

போன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆஸ்பத்திரி தெருமுனையிலேயே இருக்கிறது. பதினேழாவது நிமிடம் அவள் தலை சாய்ந்ததையும் பார்த்தேன். நான் எழுந்திருக்கவில்லை. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

இருபதாவது நிமிடம், நாற்பத்திரண்டு என்று கூப்பிட்டேன். மூன்று முறை. பதில் இல்லை.

திரும்பி வந்த மச்சான் என் சட்டையைப் பிடித்தான். "அக்கா கெடக்குற கெடப்பைப் பார்த்துக்கிட்டா உக்காந்திருக்கீங்க, மாமா?"

டோக்கனைக் காட்டச் சொன்னேன். தொலைத்துவிட்டானாம்.

மாலையில் எனக்கும் அழ வேண்டும்போல் இருந்தது. முறைப்படி நாற்பத்துமூன்றைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்தேன். இதோ. ஆனால் நாற்பத்திரண்டு முடியாமல் இதைக் கூப்பிட முடியாது. விதிப்படி பார்த்தால் அவளுடைய அவகாசம் முடிந்து நான்கு நாளாகிறது. நான்தான் இன்னும் ரத்து செய்யாமல் வைத்திருக்கிறேன். கட்டிய மனைவிக்கு இந்தச் சலுகைகூடக் காட்டாவிட்டால் நான் என்ன மனிதன், ஐயா?