கோளாறு எந்தப் பக்கம்?

எங்க பக்கம் கோளாறா? இது நல்லா இருக்கே மேடம்! உங்க டிவி கம்பெனி ஆபீஸ்ல டோக்கன் எடுத்துட்டு முக்கா மணி நேரம் தேவுடு காத்து, நாப்பத்தொண்ணுன்னு கூப்பிட்டதும் அடிச்சுப் பிடிச்சு ஓடி வந்தா, எடுத்த எடுப்புல 'கோளாறு உங்க பக்கமா, எங்க பக்கமா'ன்னு கேக்கறீங்க. என்னது, ஃபார்ம்லயே அப்படி ஒரு கட்டம் இருக்கா? இருக்கட்டும். உங்க பக்கம்தான். கொட்டை எழுத்துல எழுதிக்கோங்க. பேனா எழுதலையா? உதறிப் பாருங்க.

விஷயம் இவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை காலைல பத்தரை மணிக்கு நானூறு மீட்டர் ஓட்டம். உங்க ஸ்போர்ட்ஸ் நாலு சேனல்ல வரணும். வரலை. அதுக்குப் பதிலா கோல்ஃப் போட்டீங்க. ஒரு மணி நேரம் கோல்ஃப் பாத்தேன் மேடம்! நரைச்ச தலையோட ஒருத்தரு புல்லுல குனிஞ்சு பாக்கறாரு. நிமிர்றாரு. நாலு அடி தள்ளிப் போய் மறுபடி குனியறாரு. பாவம், எதையோ தொலைச்சுட்டாரு போலிருக்குன்னு நினைச்சேன்.

சுருக்கமா சொல்லணுமா? சுருக்கமா சொன்னா உங்களுக்குப் புரியாது. பின்னாடி ஆள் நிக்கறாங்களா... எங்க? ஒரே ஒருத்தரு. அவரும் நின்னுக்கிட்டே தூங்கறாரு. பாவம், தூங்கட்டும்.

இந்த விளையாட்டு நடத்தறவங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா, சொல்லுங்க. குளிர்காலம் பூரா கம்முனு இருப்பாங்க. நாம பாட்டுக்கு செவுத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். குளிர் கொஞ்சம் விட்டுச்சு, மரத்துல நாலு இலை துளிர்த்துச்சுன்னா போதும்... ஒரே சனி ஞாயித்துல எல்லாத்தையும் கொண்டுவந்து கொட்டுவாங்க. ஃபுட்பால் ஃபைனலு, டென்னிஸ் செமி, டென்னிஸ் ஃபைனலு, மாரத்தான், சைக்கிள் ரேஸ், படகுப் போட்டி, கிரிக்கெட்டு ரெண்டு... மொத்தம் பன்னண்டு. மனுஷனுக்கு ரெண்டு கண்ணுதான? நான் கண்ணாடிக்கடை வச்சிருக்கேன் மேடம், அந்தக் கணக்கு எனக்குத் தெரியும். தினம் பத்து பேரு கண்ணைப் பாக்கறேன். இன்னிக்கு என் கண்ணாடிய நான் கடையிலயே வச்சுட்டு வந்துட்டேன். சிரிக்கறதுன்னா சிரிச்சுக்கோங்க.

அதனால வியாழக்கிழமையே ஒரு அட்டவணை போட்டேன். சாப்பாட்டு மேஜை மேல ஒரு தாள் கிடந்துச்சு. நல்ல தடிமனான தாளு, ஒரு பக்கம் வெள்ளை. மறுபக்கம் ஏதோ விளம்பரம். ஸ்கேல் வச்சு கோடு போட்டேன். நாளு, நேரம், போட்டி, சேனலு. பன்னண்டு வரி. ஃப்ரிட்ஜ் கதவுல காந்தம் வச்சு ஒட்டினேன். என் சம்சாரம் வந்து 'இங்க இருந்த தாள் எங்கங்க?'ன்னா. 'ஃப்ரிட்ஜ்ல ஒட்டிட்டேன்'னேன். 'பரவாயில்லையே, நீங்களே ஒட்டிட்டீங்களா'ன்னு ஒரு சிரிப்பு சிரிச்சா பாருங்க... கல்யாணம் ஆன புதுசுல சிரிச்ச சிரிப்பு. அட்டவணைக்கு இவ்வளவு மரியாதையான்னு எனக்கே ஆச்சரியம்.

வெள்ளிக்கிழமை பாத்தா கடைசி வரிக்குக் கீழ பச்சை மையில புதுசா ஒரு வரி. 'ஞாயிறு 10.30, 400 மீ.' என் பொண்ணு எழுத்து. பதினஞ்சு வயசு. சேனல் கட்டத்தை மட்டும் வெறுமன விட்டிருந்தா. எனக்குப் பெருமை தாங்கலை மேடம்! என்னோட உக்காந்து ஒரு மேட்ச்சு பாத்ததில்ல அவ. 'எதுலம்மா?'ன்னு கேட்டேன். 'நாலாவதுலப்பா'ன்னா. 'நாலாவது கிடைச்சதே அதிர்ஷ்டம்ப்பா, நடுவுல இருக்கும்'னா. ஆமா, மூணுக்கும் அஞ்சுக்கும் நடுவுலதான இருக்கும்னு நானும் சொன்னேன்.

'நீ பாப்பியாப்பா?'ன்னா. 'பாக்காம? ஃபுட்பால் ஃபைனலே ஓடினாலும் அதை விட்டுட்டு இதைத்தான் பாப்பேன்'னேன். ஒரு குதி குதிச்சுட்டு ஓடினா.

ஓட்டம்னா அவளுக்கு இப்பல்லாம் ஒரு கிறுக்கு. ரெண்டு மாசமா அலாரம் வச்சு அஞ்சரைக்கே எழுந்து எங்கயோ போறா, வேர்த்து விறுவிறுத்து வர்றா. உடம்பு குறைக்கறாளாம் போல. அவளே குச்சி மாதிரி இருக்கா, இதுல எதைக் குறைக்கறது? ஷூ ஒண்ணு வாங்கியிருக்கா, அடியில பூரா ஆணி. ஐயோ, கடைக்காரன் ஏமாத்திட்டானேன்னு நான் கடையில இருந்து குட்டிக் குறடு எடுத்துட்டு வந்து பிடுங்க உக்காந்துட்டேன். ரெண்டு ஆணி பிடுங்கறதுக்குள்ள அவங்கம்மா கத்தின கத்துல குறடே கீழ விழுந்துடுச்சு. ஓடறதுக்குன்னே ஆணி வச்ச ஷூவாம் அது.

சனிக்கிழமைய விடுங்க. சனிக்கிழமை உங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. படகுப் போட்டியில ரெண்டு படகு முட்டிக்கிட்டது கூட தெளிவாத் தெரிஞ்சுது. சைக்கிள்ல அரைச் சக்கர வித்தியாசம். கிரிக்கெட்டுல கடைசி ஓவர்ல ஏழு ரன்னு, நாலுதான் வந்துச்சு. டென்னிஸ்ல நெட்டையன் தோத்தான். எல்லாம் சரி.

ஞாயித்துக்கிழமைக்கு வர்றேன். பொண்ணு ஏழு மணிக்கே வெளிய போயிட்டா. ஒன்பதரைக்கு என் சம்சாரம் தொப்பி, தண்ணி பாட்டிலு, துண்டு எல்லாம் எடுத்துக்கிட்டு வந்து நின்னா. 'கிளம்பலையா?'ன்னா. கடைக்குப் போறாளோ, வாக்கிங் போறாளோ... 'நீ போயிட்டு வா, நான் இங்கருந்தே பாத்துக்கறேன்'னேன். 'இங்கருந்தேவா?'ன்னா. 'இங்கருந்தாத்தான நல்லாத் தெரியும்'னேன். தப்பா? என்னை ஒரு மாதிரி பாத்தா. அப்புறம் கதவைச் சாத்திட்டுப் போயிட்டா. 'சாத்தினா'ன்னு மரியாதைக்குச் சொல்றேன்.

பத்து மணிக்கு ஃபுட்பால் ஃபைனல் ஆரம்பிச்சுது. நீலச்சட்டைக்கும் வரிச்சட்டைக்கும். பத்து இருபத்தஞ்சுக்கு நான் சொன்ன வாக்கைக் காப்பாத்தணும்ல? மனசைக் கல்லாக்கிக்கிட்டு நாலுக்கு மாத்தினேன். நான் மாத்தின அடுத்த நிமிஷம் மொத கோலு விழுந்துச்சு மேடம். மாடி வீட்டுல கத்தறாங்க, எனக்குக் கேக்குது. நான் திரும்ப மாத்தலையே! புல்லுல குனியற ஆளைப் பாத்துக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தேன். இப்ப போடுவான், இப்ப போடுவான்னு. உங்க ஆபீஸுக்கு மூணு தடவை ஃபோன் போட்டேன். ஒண்ணை அழுத்து, ரெண்டை அழுத்துன்னு அந்தப் பொண்ணு சொன்னதையெல்லாம் அழுத்தினேன். பதினொண்ணு இருபத்தஞ்சு வரைக்கும் பாத்துட்டு, போங்கடான்னு ஃபைனலுக்கே திரும்பிட்டேன்.

அதுவாவது நிம்மதியாப் பாத்தனா? சமமாகி, கூடுதல் நேரமும் போய், பெனால்டிக்கு வந்துடுச்சு. மூணு மூணு. நாலாவது உதை. வரிச்சட்டைக்காரன் பந்தை வச்சுட்டு பின்னாடி நடக்கறான்... பொண்ணு வந்து டிவிக்கு நேரா நிக்கறா! மூஞ்சியெல்லாம் வேர்வை, கழுத்துல ஏதோ நீல ரிப்பனு. சும்மா நின்னு என்னையே பாக்கறா. 'நகரும்மா, மறைக்குது'ன்னேன். நகந்துட்டா. ஆனா அதுக்குள்ள பந்து போயிடுச்சு. நல்லவேளை ரீப்ளே போட்டான்.

மேட்ச் முடிஞ்சதும் எனக்கே மனசு கேக்கலை. அவ ரூம் வாசல்ல போய் நின்னு, 'அந்த நானூறு மீட்டரைப் பாக்க முடியலம்மா. போனாப் போகுது விடு. ஒரு நிமிஷ ஓட்டம், அதுல என்ன பெருசா இருக்கப் போகுது'ன்னு ஆறுதலாத்தான் சொன்னேன். கதவை மூடிக்கிட்டா. அவங்கம்மா ரிமோட்டைப் பிடுங்கி டிவிய அணைச்சா. சாயங்காலம் டென்னிஸ் ஃபைனலு, அதைப் பக்கத்து வீட்டுல போய்ப் பாத்தேன்.

இன்னிக்கு செவ்வாய்க்கிழமை. ரெண்டு நாளா வீட்டுல பேச்சு மூச்சு இல்ல. தட்டு வருது, சோறு வருது, வார்த்தை வரலை. என் பொண்ணு காலைல எழுந்து ஓடவும் போகலை. அந்த அலாரம் மட்டும் அஞ்சரைக்கு அடிக்குது, யாரும் எழுந்திருக்கறதில்ல. உங்க சேனல் ஒரே ஒரு ஓட்டத்தைப் போட்டிருந்தா இந்த வினை உண்டா? நீங்களே சொல்லுங்க. பணத்தைத் திருப்பிக் குடுங்கன்னு நான் கேக்கலை. அந்த ஓட்டத்தை இன்னொரு தடவை போடுங்க. என் பொண்ணை உக்கார வச்சு பக்கத்துல உக்காந்து பாக்கறேன். அவ்வளவுதான் வேணும் எனக்கு.

ஆதாரமா? இல்லாம வருவனா? இந்தாங்க, அட்டவணையையே கழட்டிக் கொண்டுவந்திருக்கேன். கடைசி வரியப் பாருங்க, பச்சை மை. பத்தரைன்னு இருக்கா? இருக்குல்ல?

எதுக்கு மேடம் திருப்பறீங்க? அந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல. விளம்பரம்.

என்ன, படிக்கறீங்களா? கொஞ்சம் சத்தமாப் படிங்க, எனக்குப் பொடி எழுத்து தெரியாது.

'அன்புள்ள பெற்றோருக்கு.' சரி... 'வசந்த கால விளையாட்டுப் போட்டி'... எங்க? பள்ளிக்கூட மைதானத்துலயா? 'பெண்கள் நானூறு மீட்டர். ஞாயிறு காலை பத்து முப்பது.'

பேரு... ஆமா. என் பொண்ணு பேருதான்.

'ஓடும் தடம்...' இன்னொரு தடவை படிங்க.

நாலு.

...

கீழ ஏதோ கையால எழுதியிருக்கே, அது என்ன? 'பெற்றோர் இருக்கை, ரெண்டு.' ம். முன்வரிசையா? ம்.

இல்லல்ல, தண்ணியெல்லாம் வேணாம் மேடம். நல்லாத்தான் இருக்கேன்.

பன்னண்டு போட்டி முடிவும் எனக்குத் தெரியும். மாரத்தான்ல ஜெயிச்சவன் ரெண்டு மணி எட்டு நிமிஷம் பன்னண்டு செகண்டு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். என் பொண்ணு எத்தனாவதா வந்தான்னு எனக்குத் தெரியாது. கழுத்துல நீல ரிப்பன் தொங்குச்சு, அதை நான் பாத்தேன். அதோட நுனியில இருந்தது என்ன கலருன்னு பாக்கலை. அது இருந்த இடத்துலதான் டிவியில கோல்போஸ்ட்டு இருந்துச்சு. நகருன்னுட்டேன்.

ஆணி வேற ரெண்டு பிடுங்கினேன். ரெண்டு ஆணி குறைவாத்தான் ஓடியிருக்கா.

என்னது, புகாரை ரத்து பண்றீங்களா? வேணாம், இருங்க. பண்ணாதீங்க. அந்தக் கட்டம் இருக்குல்ல, எந்தப் பக்கம்னு... அதை அடிச்சுட்டு மாத்தி எழுதுங்க. எங்க பக்கம்தான். அட, 'எங்க'ன்னு போடாதீங்க மேடம், அவங்க ரெண்டு பேரும் மைதானத்துக்குப் போயிருக்காங்க. என் பக்கம்னு போடுங்க.

கையெழுத்து எங்க போடணும்? கண்ணாடி இல்ல, இடத்தைக் கொஞ்சம் விரல் வச்சுக் காட்டுங்க.