உப்பிட்ட ஏழு தோல்கள்

கீரை ஆயக் கற்றுக்கொண்டபோது எனக்கு அறுபத்தொன்பது வயது. தண்டு இளசா முற்றலா என்று கண்ணால் பார்த்தால் தெரியாது, விரலால் உடைத்துப் பார்க்க வேண்டும். சட்டென்று உடைந்தால் எடுத்துக்கொள்ளலாம். நார் இழுத்தால் தள்ளிவிட வேண்டியதுதான். ஒரு கட்டு ஆய எனக்கு அரைமணி நேரம் பிடித்தது. ஓர் ஆட்டை உரித்துத் தொங்கவிட அவ்வளவு நேரம் ஆனதில்லை.

நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள் ஏட்டய்யா, அதில் ஒன்றுமில்லை. நான் நாலாவதுக்கு மேல் படிக்காதவன். முடிந்ததும் படித்துக் காட்டுங்கள். நான் சொல்லாத ஒரு சொல் உள்ளே இருந்தால் கையெழுத்துப் போட மாட்டேன். காகிதத்தை நான் நம்புவதில்லை. ஆட்களையும் அவ்வளவாக நம்புவதில்லை.

நாற்பத்திரண்டு வருடம் கறிக்கடை வைத்திருந்தேன். முன்பக்கம் வியாபாரம், பின்பக்கம் வேலை. ஒரே பெண். அவளுக்குப் பதினாலு வயதில் ஒருநாள் மத்தியானம் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். வழக்கமாக அவள் அம்மாதான் வருவாள், அன்றைக்கு அம்மாவுக்குக் காய்ச்சல். முன்கதவு சாத்தியிருந்ததால் பின்பக்கமாக வந்துவிட்டாள். நான் வேலையில் இருந்தேன். சாப்பாட்டு அடுக்கைக் கீழே வைத்துவிட்டு, சத்தமே போடாமல் திரும்பிப் போனாள்.

அன்றோடு கறியை விட்டாள். பிள்ளைகள் இப்படிப் பத்து நாள் இருக்கும், அப்புறம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். இருபத்திரண்டு வருடம் ஆயிற்று. நான் சாப்பிட உட்கார்ந்தால் அவள் எழுந்து போவாள். திட்டியிருந்தாலாவது பதிலுக்குத் திட்டியிருப்பேன். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"என் மேல உனக்கு என்ன கோவம்?"

"கோவமே இல்லப்பா. உங்க கையப் பாத்தாதான் ஒரு மாதிரியா இருக்கு."

"இந்தக் கைதான் உன்னத் தூக்கி வளத்துச்சு."

"அதனாலதாம்ப்பா கஷ்டமா இருக்கு."

எழுந்து கடைக்குப் போய்விட்டேன்.

வளர்ந்து வேலைக்குப் போய், பழைய செங்கல் சூளை ஒன்றை எடுத்து வேலி போட்டு, யாருக்கும் வேண்டாத ஆடுகளைக் கொண்டுவந்து சேர்த்தாள். பால் வற்றினது, வண்டியில் அடிபட்டது, கண் தெரியாத செம்மறி. மொத்தம் இருபத்தாறு உருப்படி. உருப்படி என்று நான் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. "பேரச் சொல்லுங்கப்பா, அதுக்குத்தான வெச்சிருக்கு" என்பாள். கழுத்தில் வெள்ளையும் உடம்பில் கறுப்புமாக இருந்தது சட்டைக்காரி. ஒரு கொம்பு இல்லாதவன் ஒத்தைக்கொம்பன். காது நீண்டது வக்கீல். சரியான பெயர்தான், வாய் ஓயாது அதற்கு.

அவள் அம்மா போன பிறகு, முழங்காலும் போன பிறகு, கடையை மூடிவிட்டு அவளிடம் வந்து சேர்ந்தேன். ஒரே நிபந்தனை, வீட்டுக்குள் நான் கறி தின்னக் கூடாது. வாக்குக் கொடுத்தேன். முதல் வாரமே கேட்டுவிட்டேன், "ஆட்டுக்குப் போடுற தழையவே எனக்கும் போடுறியே பாப்பா." அவள் சிரிக்காமல் சொன்னாள், "ஆடு கொற சொல்றதில்லப்பா." எங்களுக்குள் பேச்சு நன்றாகத்தான் இருந்தது. சண்டைக்காரர்கள் போல நாங்கள் இருக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன வருடம் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. தண்ணீர் வாளியைத் தூக்கினால் பாதி வழியில் வைத்துவிட்டு நிற்பாள். உள்ளங்கை வெளுத்துப்போயிற்று. டாக்டரம்மா அவள் கீழ்க்கண் இமையை இழுத்துப் பார்த்தார். ஆட்டுக்கும் அப்படித்தான் பார்ப்போம். சிவப்பாக இருந்தால் வாங்கலாம், வெளுத்திருந்தால் விலகிவிட வேண்டும். டாக்டரம்மா சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"ரத்தம் பாதிகூட இல்ல. இதயத்துக்கு நல்லதில்ல இது. நல்லா ரெஸ்ட் எடுக்கணும்."

"கறி சாப்பிட்டா ஏறுமா டாக்டரம்மா?"

"சாப்பிட்டா நல்லதுதான்" என்றார்.

மகள் என்னைப் பார்த்து, "ஆரம்பிச்சிட்டீங்களாப்பா" என்றாள்.

வீட்டுக்கு வந்து படுத்தாள். இருபத்தாறையும் நான் ஒருவனே பார்க்க முடியாது என்று அவளுக்கே தெரியும். "நல்ல வீடாப் பாத்து ஒரு பத்தக் குடுத்துடுங்கப்பா. அறுக்க மாட்டோம்னு சத்தியம் வாங்கிட்டுக் குடுங்க" என்றாள். வந்தார்கள், ஆறேழு பேர். ஒருவனையும் நான் நம்பவில்லை. வளர்க்க வருகிறவன் ஆட்டின் முகத்தைப் பார்ப்பான். இவர்கள் எல்லோரும் முதுகை அழுத்திப் பார்த்தார்கள். முதுகை அழுத்துகிறவன் எதற்கு வந்திருக்கிறான் என்று எனக்கா தெரியாது. சத்தியம் செய்து வாங்கிக்கொண்டு போய், மழுங்கின கத்தியால் அரைகுறையாக அறுப்பார்கள். ஆடு கிடந்து துடிக்கும்.

நான் அறுத்தால் துடிக்காது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பிடித்துக்கொண்டு காதோரமாகப் பேசிக்கொண்டே இருப்பேன். நாம் பேசுவதைத்தான் அது கேட்டுக்கொண்டிருக்கும்.

கறியைக் கடையில் வாங்கியிருக்கலாமே என்று உங்கள் இன்ஸ்பெக்டர் காலையில் கேட்டார். கடைக்கறியை நான் நம்புவதில்லை. கடை வைத்திருந்தவன் சொல்கிறேன். அது எதைத் தின்றது, எப்போது செத்தது, யார் கண்டது. நோயில் கிடக்கிற பெண்ணுக்கு அதையா கொடுப்பது. நாங்கள் வளர்த்தது சுத்தமான தீவனம் தின்றது. நானே குளிப்பாட்டினது, நானே குளம்பு வெட்டினது. இந்த ஊரிலேயே அதைவிட நல்ல கறி கிடையாது.

முதலில் எடுத்தது கண் தெரியாத செம்மறி. எப்படியும் மாதம் தாங்காது. இரண்டாவது ஒத்தைக்கொம்பன், அவனுக்கும் வயதாகிவிட்டது. மூன்றாவதுக்கு நான் காரணம் எதுவும் தேடவில்லை.

அவள் மத்தியானம் தூங்குகிற நேரத்தில் சூளைக்குள் வேலையை முடித்துவிடுவேன். எலும்பையும் ஈரலையும் இரண்டு மணி நேரம் வேகவிட்டு, துணியில் இரண்டு தடவை வடிகட்டி, கீரையை அரைத்து அதில் கலப்பேன். பூண்டும் மிளகும் கூடுதலாகப் போட்டால் வாசனை தெரியாது. மிச்சக் கறியை உலர்த்தி வைத்துக்கொள்வேன், அதிலிருந்தும் சாறு வரும். நான் ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை. அவளுக்குக் கொடுத்த வாக்கை நான் மீறவில்லை.

ஒருநாள் கிண்ணத்தை வழித்துக் குடித்துவிட்டுச் சொன்னாள். "இந்தக் கீரைல என்னப்பா போடுறீங்க? அம்மா கையிலகூட இப்படி வந்ததில்ல."

பதினாலு வயதுக்குப் பிறகு நான் கொடுத்ததை நன்றாக இருக்கிறது என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

தினமும் விசாரிப்பாள். சட்டைக்காரி புது இடத்தில் சாப்பிடுகிறாளா, வக்கீல் அங்கேயும் கத்துகிறானா என்று. "நல்ல எடத்துக்குத்தான் போயிருக்கு, கவலப்படாத" என்பேன். பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. அதைவிட நல்ல இடம் அதற்கு எங்கே கிடைக்கும்.

முதல் மாதம் முகம் தெளிந்தது. படுத்தே கிடந்ததால் தெளிந்தது என்கிறார் டாக்டரம்மா. இருக்கலாம். இரண்டாவது மாதத்திலிருந்து மறுபடி வெளுக்க ஆரம்பித்தாள். நான் ஈரலைக் கூட்டினேன். கத்தி பிடித்த வேலையில் நான் ஒருநாளும் அவசரப்பட்டதில்லை, அந்த நாலாவது மாதத்தில் மட்டும் கொஞ்சம் அவசரப்பட்டேன்.

தப்பு எங்கே நடந்தது என்றால் தோலில். மற்ற எதையும் புதைத்துவிட்டேன், தோலைப் புதைக்க எனக்குக் கை வரவில்லை. தொழில்காரன் எவனுக்கும் வராது. சதைப்பக்கம் உப்பைத் தேய்த்து, மயிர்ப்பக்கம் வெளியே தெரிய மடித்து, சூளைக்குள் அடுக்கி வைத்திருந்தேன். விற்பதற்கல்ல. ஒரு நல்ல தோலை மண்ணில் போடக் கூடாது, அவ்வளவுதான்.

அன்று காலை பதினோரு மணி இருக்கும். நான் உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவள் எப்போது எழுந்தாள், எப்படி அவ்வளவு தூரம் நடந்தாள் என்று தெரியவில்லை. வக்கீல் கத்துவது கேட்டது மாதிரி இருந்தது, திரும்ப வந்துவிட்டானோ என்று பார்க்கப் போனதாக அப்புறம் டாக்டரம்மாவிடம் சொன்னாளாம். வெளியே வந்து பார்த்தேன். ஏழு தோலையும் முற்றத்தில் வரிசையாக விரித்து வைத்துவிட்டு நடுவில் உட்கார்ந்திருந்தாள். மயிரைத் தடவித் தடவி ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னாள். ஒன்றில்கூடத் தப்பவில்லை.

"இதுங்க கறியெல்லாம் எங்கப்பா?"

அவள் கண் சமையலறை ஜன்னலுக்குப் போனது. அடுப்பில் பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. அப்புறம் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தாள்.

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "எல்லாம் உள்ளதான இருக்கு. எங்க போய்ப்பா வெளிய எடுப்பேன்" என்றாள். அதைத்தான் என்னிடம் கடைசியாகப் பேசினாள்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள். என் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. டாக்டரம்மா வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஊசி வழியாக ரத்தம் ஏற்றிப் பார்த்தார்கள். இதயம் ஏற்கெனவே களைத்துப்போயிருந்தது என்று சொன்னார்கள். பன்னிரண்டாம் நாள் மத்தியானம் போய்விட்டாள். நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே விட வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தாள்.

ஆட்டை அறுத்தது குற்றமென்றால் நாற்பத்திரண்டு வருடத்துக்கும் சேர்த்து எழுதுங்கள். அப்போதெல்லாம் என் கடை வாசலில் வரிசையில் நின்றவர்கள்தான் இன்றைக்கு என்னைப் பார்த்துக் காறித் துப்புகிறார்கள். பெயர் வைத்த ஆடு, பெயர் வைக்காத ஆடு என்று கழுத்துக்கு வித்தியாசம் கிடையாது. மத்தியானம் நீங்கள் சாப்பிட்டது என்ன என்று எனக்கு வாசனை தெரிகிறது. நான் கேட்டேனா?

சரி, மாத்திரை. அதைத்தான் மூன்று நாளாகத் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அட்டை காலியாக இருக்கிறது, அவள் ரத்தத்தில் ஏறின சுவடே இல்லை என்று. டாக்டரம்மா சொன்னதில் நான் பாதியைத்தான் உங்களிடம் சொன்னேன். மீதி இது. "கறி வேணாம்னா கட்டாயம் ஒண்ணும் இல்ல பெரியவரே. இந்த இரும்புச்சத்து மாத்திரைய ஒருநாளும் விடாம குடுங்க. நாலு மாசத்துல எழுந்து ஓடுவா."

மாத்திரை அவளுக்கு வயிற்றைப் புரட்டியது. பொடித்துச் சாற்றில் கலந்துவிடுகிறேன் என்றேன். "நீங்க பாத்துக்குங்கப்பா" என்றாள். தினமும் ஒன்று பிரித்தேன். தவிட்டு உருண்டைக்குள் வைத்து, அடுத்தது எந்த ஆடோ அதற்குக் கொடுத்தேன். வீணாக்கவில்லை. ஆட்டுக்குள் போனது ஆட்டின் வழியாக அவளுக்குத்தானே போகும். ஏழாவது ஆட்டின் ஈரலை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், அப்படி ஒரு நிறம்.

முறைக்காதீர்கள், சொல்லிவிடுகிறேன். மாத்திரையும் சாறும் சேர்ந்து போனால் எது அவளைத் தேற்றியது என்று யாருக்குத் தெரியும். டாக்டரம்மா மாத்திரை என்பார். அவள் கீரை என்பாள். அவள் எழுந்து வாசல்வரை நடக்கிற அன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். நடுவில் இரண்டு தடவை அவள் உதடு நீலம் பூத்தபோது அட்டையைக் கையில் எடுத்தேன். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். கறிதாம்ப்பா என்னக் காப்பாத்துச்சு என்று ஒரே ஒரு தடவை அவள் வாயால் சொல்லியிருந்தால், அன்றைக்கே மாத்திரையைக் கொடுத்திருப்பேன்.